கிருஷ்ண பிள்ளையும் தனி ஜெபத்தின் இன்பமும்

அவனியாபுரத்தில் வாழ்வோர் தை முதல் நாளன்று அமைதியை எதிர்பார்ப்பதில்லை. ஏறுதழுவலைக் காணத் திரண்ட மக்களின் ஆரவாரம் தெருவெல்லாம் நிறைந்திருக்கும். அத்தகைய ஒரு நாளில் யாம் அறைக்கதவைச் சாத்தி ஜெபிக்க முயன்றோம். வாய் சொற்களை உரைத்தது. உள்ளமோ தெருவில் நின்றது. இந்நிலை எமக்கு மட்டும் உரியதன்று. ஜெபத்தைக் கடமையாக அறிந்த நம்மிற் பலர் அதனை இன்பமாக அறியோம். அவ்வின்பத்தை அறிந்த ஒரு பெரியாரின் சரிதத்தை இங்குச் சுருங்க உரைப்பாம்.

கிருஷ்ண பிள்ளை 1827-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பில், வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். கம்பன் கவியில் இளமையிலேயே தோய்ந்தவர். 1853-இல் சாயர்புரத்து மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தபோது கிறிஸ்து மார்க்கத்தில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. ஆயினும் நண்பர் தனுக்கோடி ராஜு அளித்த நூல்களும், தமையனாரையொத்த அன்பர்களின் வாழ்க்கையும் அவர் உள்ளத்தை அசைத்தன. 1858-இல் சென்னை சென்று ஞானஸ்நானம் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் தாங்கினார்.

அக்காலத்தில் ஞானஸ்நானம் பெறுதல் எளிய செயலன்று. சுற்றத்தார் விலகுவர்; சாதியார் ஒதுக்குவர்; பிறந்த வீட்டு வாசலும் அந்நியமாகும். குடும்பத்தோடு கூடித் தொழுத ஒருவர் இனித் தனித்தே தொழவேண்டும். அத்தனிமை துயரமாக முடிந்திருக்கலாம். கிருஷ்ண பிள்ளைக்கோ அது பாட்டாக மலர்ந்தது.

எங்ஙனமெனில், அவர் பழைய வழிபாட்டை விட்டாரேயன்றி, பக்தி பேசும் மொழியை விட்டாரல்லர். ஆங்கிலநாட்டு ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாண நூலைத் தழுவி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார். ஐந்து பருவங்களும் மூவாயிரத்திற்கு மேற்பட்ட செய்யுட்களும் உடைய அந்நூல், பாளையங்கோட்டை நற்போதகம் இதழிற் பல்லாண்டு பகுதி பகுதியாக வந்து, 1894-இல் நூலுருப் பெற்றது. கதையினிடையே தேவாரப் பதிகங்களை அமைத்தார்.

நிற்க. காப்பியம் இயற்றுதல் புலமைத் தொழிலன்றோ, அதனை ஜெபம் என்பது எவ்வாறு பொருந்தும் என வினவுவார் உளர். அப்பதிகங்களைப் படித்தாரே விடை காண்பர். கதை சொல்லும் புலவர் ஆங்கு மறைகிறார். இரட்சகரை முன்னிலையில் விளித்து உருகும் அடியார் தோன்றுகிறார். தம் குற்றங்களை அறிக்கையிடுகிறார். அருளை நினைந்து மகிழ்கிறார். பிறர் கேட்டற்குப் பாடுவோர் வேறு. கேட்பவன் ஒருவனே எனப் பாடுவோர் வேறு. பின்னர் இரட்சணிய மனோகரம் என்னும் பக்திப் பாமாலையையும் இயற்றினார். 1900-இல் மறைந்த இவரைக் கிறிஸ்தவக் கம்பர் எனத் தமிழுலகம் போற்றுகிறது.

மாணவ நண்பர்காள்! இச்சரிதத்தால் நாம் அறிவது யாது? ஜெபத்தின் இன்பம் கேட்டதைப் பெறுவதில் அன்று, கேட்போனோடு இருத்தலில் உளது. இரவற் சொற்களால் அவ்விருப்பு வாய்ப்பதரிது. தாயிடம் பேசிய மொழியிலேயே நெஞ்சம் திறக்கும். நம் அனைவர்க்கும் அவர் புலமை வாயாது. அவர் உண்மை வாய்க்கும். அடுத்த தைத்திங்களில் தெருவின் ஆரவாரம் அடங்குமென யாம் காத்திரோம். இசையறியாத எம் சொற்களோடு, அவ்வறையினுள் மீண்டும் புகுவோம்.