ஆல்பிரெக்ட் வான் கிராஃபே

ஆல்பிரெக்ட் வான் கிராஃபே (மே 22, 1828 - ஜூலை 20, 1870) ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆவார். நவீன கண் மருத்துவத்தை நிறுவியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். கண்ணின் குருதி ஓட்டம் தடைப்படும்போதும் கண்ணுள் அழுத்தம் மிகும்போதும் பார்வை எவ்வாறு அழிகிறது என்பதை உயிருள்ளோர் கண்களிலேயே கண்டு விளக்கியவர் இவர்.

இளமையும் கல்வியும்

கிராஃபே பெர்லின் நகரில் பிறந்தார். இவரது தந்தை கார்ல் பெர்டினான்ட் வான் கிராஃபே பெயர்பெற்ற அறுவை மருத்துவர். சிதைந்த மூக்கைச் சீரமைக்கும் இந்திய முறையையும் உள்ளடக்கி 1818 இல் நூல் எழுதியவர். தந்தை 1840 இல் காலமானபோது மகனுக்கு வயது 12. கிராஃபே 1847 இல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பிராகு, பாரிஸ், வியன்னா, லண்டன் நகரங்களில் கண் மருத்துவம் பயின்றார். பிராகில் ஆர்ல்ட் என்பவரே இவரை இத்துறைக்கு ஈர்த்தார். லண்டனில் டச்சு அறிஞர் டோண்டர்சின் நட்பு கிட்டியது.

கண் அகநோக்கி

அதுவரை உயிருள்ள ஒருவரின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகக் காண இயலவில்லை. ஹெல்மோல்ட்ஸ் உருவாக்கிய கண் அகநோக்கி 1851 இல் வெளியானதும் இந்நிலை மாறியது. அதே காலத்தில் பெர்லினில் மருத்துவமனை தொடங்கிய கிராஃபே, இக்கருவியை அன்றாடச் சிகிச்சையில் பயன்படுத்தினார். உடலைத் திறக்காமலே குருதிக் குழாய்களை நேரடியாகக் காணத்தக்க இடம் விழித்திரையே ஆகும். ஏழை நோயாளிகளுக்கு இவர் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தார்.

கண் அழுத்த நோய்

கடும் கண் அழுத்த நோய் வந்தவர்கள் அக்காலத்தில் பெரும்பாலும் பார்வையிழந்தனர். இந்நோயாளிகளின் பார்வை நரம்பு வட்டில் தமனிகள் துடிப்பதைக் கிராஃபே கண்டார். கண்ணுள் அழுத்தம், தமனியின் தாழ்நிலை அழுத்தத்தைக் கடக்கும்போது, இதயம் விரியும் வேளையில் தமனி நசுங்குகிறது. இதயம் சுருங்கும் வேளையில் மீண்டும் குருதி நிறைகிறது. இதுவே அத்துடிப்பின் காரணம். அதாவது, விழித்திரைக்குச் செல்லும் குருதியின் அளவு, தமனி அழுத்தத்துக்கும் கண்ணுள் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது.

இவ்வாய்வில் கிராஃபே ஒரு பிழையும் செய்தார். நரம்பு வட்டு முன்னோக்கிப் புடைத்துள்ளதாக 1854 இல் எழுதினார். உண்மையில் அது உட்குழிந்திருந்தது. ஒற்றைக் கண்ணால் நோக்கும்போது மேடும் பள்ளமும் மயங்கித் தோன்றுவதுண்டு. சில ஆண்டுகளுக்குள் தம் முடிவை அவரே வெளிப்படையாகத் திருத்திக்கொண்டார். அழுத்தமே நோயின் அடிப்படை என்ற கருத்து இத்திருத்தத்தால் மேலும் வலுப்பெற்றது.

கண்மணியைச் சூழ்ந்த ஐரிஸ் படலத்தின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினால் அழுத்தம் குறைவதை 1857 இல் இவர் அறிவித்தார். திடீரெனத் தாக்கும் வகைக் கண் அழுத்த நோயில் பலரது பார்வை இதனால் காக்கப்பட்டது. இம்முறை ஏன் பயன் தருகிறது என்பது 20 ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. இன்று அவ்விடத்தில் லேசர் கதிரால் சிறு துளை இடப்படுகிறது.

விழித்திரைத் தமனி அடைப்பு

இதய நோயுள்ள ஒருவர் திடீரென ஒரு கண்ணின் பார்வையை இழந்ததைக் கிராஃபே 1859 இல் விவரித்தார். விழித்திரை வெளிறியும் தமனிகள் மெலிந்தும் காணப்பட்டன. இதயத்திலிருந்து வந்த சிறு கட்டி விழித்திரையின் நடுத் தமனியை அடைத்திருக்க வேண்டும் என அவர் முடிவு செய்தார். குருதியில் மிதந்துவரும் கட்டிகள் பற்றிய ஃபிர்ஹோவின் கொள்கை இதற்கு அடிப்படையாக அமைந்தது. நோயாளி இறந்தபின் செய்யப்பட்ட ஆய்வில் அம்முடிவு உறுதியாயிற்று.

விழித்திரையின் உட்படலங்களுக்குப் பொதுவாக இத்தமனியைத் தவிர வேறு வழியில் குருதி கிடைப்பதில்லை. சிறிய அழுத்த மாற்றங்களை விழித்திரைக் குழாய்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் ஈடுசெய்யும். முழு அடைப்பை ஈடுசெய்ய இயலாது. சில மணி நேரத்தில் சேதம் நிலையாகிவிடும். எனவே வலியின்றி ஒரு கண்ணின் பார்வை திடீரென மறைவது, பக்கவாதத்துக்கு இணையான அவசர நிலையாக இன்று கருதப்படுகிறது.

மூளைக் கட்டிகளால் பார்வை நரம்பு வட்டு வீங்குவதையும் 1860 இல் இவர் விளக்கினார். சிரைக் குருதி திரும்ப இயலாமையே வீக்கத்தின் காரணம் என்று இவர் கருதினார். நரம்புறை வழியே பரவும் அழுத்தமே முதன்மைக் காரணம் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

பிற பணிகள்

கண் மருத்துவத்துக்கான ஆய்விதழ் ஒன்றை 1854 இல் தொடங்கினார். அது இன்றும் இவர் பெயரைத் தாங்கி வெளிவருகிறது. ஜெர்மானியக் கண் மருத்துவக் கழகம் 1857 இல் ஹைடெல்பெர்க் நகரில் இவரால் தொடங்கப்பட்டது. கண்புரை அறுவைக்கு இவர் வடிவமைத்த குறுகிய கத்தி இவர் பெயரால் அழைக்கப்பட்டது. கண்ணின் குருதிக் குழாய் அமைப்பை விரிவாக ஆராய்ந்த தியோடோர் லேபர் இவரிடம் உதவியாளராக இருந்தவர்.

மறைவு

கிராஃபே 1866 இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியரானார். 1868 இல் சாரிட்டே மருத்துவமனையின் கண் பிரிவுக்குத் தலைமையேற்றார். ஆயினும் காசநோய் பல ஆண்டுகளாக அவரை வாட்டி வந்தது. நோயினிடையேயும் பணியைத் தொடர்ந்த அவர், தமது 42 ஆம் வயதில் பெர்லினில் காலமானார். சாரிட்டே வளாகத்தில் 1882 இல் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.