வண்டாராய்ந்த வொலஸ்ரன்

கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தல் அறிவியலாளர்க்குரிய முதற்கடன். அவ்வெழுத்து, பின்னர் மாற்றார் கொள்கைக்கு அரணாய் அமையினும், அதனைத் திரிக்காதிருத்தல் பெருமக்கட்கே இயல்வதாம். அத்தகையோருள் ஒருவரான தோமஸ் வேர்னன் வொலஸ்ரனின் வரலாற்றை நம் மாணவர்க்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இங்கிலாந்திலே லிங்கன்சயர்ப் பகுதியில் 1822 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், கேம்பிறிட்ஜ் இயேசு கல்லூரியிற் பயின்றார். இளமையிலேயே நெஞ்சுநோய் பற்றியதால், குளிர்காலத்தைக் கழிக்கும்பொருட்டு 1847 இல் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள மதீராத் தீவுக்குச் சென்றார். நோயாளியாய்ச் சென்றவர் ஆராய்ச்சியாளராய் மீண்டார். மீண்டும் மீண்டும் அங்கு சென்று, கற்களைப் புரட்டியும் உக்கிய மரங்களைப் பிளந்தும் வண்டுகளைத் தொகுத்து, 1854 இல் பெருநூலொன்றை வெளியிட்டார்.

மதீராவில் அறியப்பட்ட ஏறக்குறைய 550 வண்டினங்களுள் 200 இனங்கள் பறக்கமாட்டாதன. அத்தீவுக்கூட்டத்துக்கே உரிய 29 சாதிகளுள் 23 சாதிகளின் இனங்கள் யாவும் அத்தன்மையன. இவ்வுண்மை டார்வினின் சிந்தையைக் கவர்ந்தது. பறக்கும் வண்டுகளைக் காற்றுக் கடலுக்கு அடித்துச்செல்ல, சிறகு குறைந்து தரையில் ஒதுங்கியவை எஞ்சிப் பெருகின என்று, 1859 இல் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கினார்.

வொலஸ்ரனோ 1856 இல் தாம் எழுதிய நூலொன்றை டார்வினுக்கே காணிக்கையாக்கியவர். எனினும் கூர்ப்புக் கொள்கையை அவருள்ளம் ஏற்கவில்லை. இனங்கள் கடவுளாற் படைக்கப்பட்டனவென்றும், அத்தீவுகள் அமிழ்ந்துபோன பெருநிலத்தின் எச்சங்களென்றும் நம்பினார். 1860 இல் டார்வினின் நூலை மறுத்துப் பெயர் குறியாது மதிப்புரையும் எழுதினார். ஆயினும் தம் ஆராய்ச்சியை அவர் கைவிட்டாரல்லர். கனேரித் தீவுகள், கேப் வேர்டுத் தீவுகள் ஆகியவற்றின் வண்டுகளையும் அதே நேர்மையோடு விவரித்தார்.

1875 இல் நோயுடம்போடு சென் ஹெலினாவுக்குப் பயணமானார். அத்தீவுக்கே உரியவையென அவர் கணித்த 129 வண்டினங்களுட் பெரும்பாலானவை கூன்வண்டுகள். அவற்றுட் பலவற்றின் குடம்பிகள் மரத்தினுள்ளேயே வளர்வன. மனிதர் கொணர்ந்த ஆடுகள் இளமரங்களை மேய்ந்தமையாலும், கோடரியாலும் அங்குக் காடு அருகியது. மரம் அழியின் குடம்பிக்கு உணவும் உறையுளும் இல்லை. குடம்பி அழியின் வண்டினமும் இல்லை. அழிவின் விளிம்பில் நின்ற அவ்வுயிர்களுக்கு அவர் 1877 இல் வெளியிட்ட நூல் நிலைத்த சான்றாயிற்று. அடுத்த ஆண்டே, தமது 55 ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார்.

சிறகு வளர்த்தற்குச் செலவாகும் சத்தினை முட்டைகளுக்குச் செலவிடும் பூச்சிகள் தீவுகளிற் பெருகும் நன்மை பெறுகின்றன என இன்றைய ஆராய்ச்சியாளர் காற்றின் விளைவோடு இதனையும் சேர்த்து ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சிக்கு வித்திட்டது வொலஸ்ரனின் கணக்கேயாம். அவர் கொண்ட கொள்கை வழக்கொழிந்தது. அவர் எண்ணி எழுதிய எண்கள் வாழ்கின்றன. ஆய்வுகூடத்தில் குறிப்பேட்டைத் திறக்கும் நம் மாணவர் ஒவ்வொருவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.