குறி தப்பிய குயின்... அன்னி ஓக்லி கற்ற லண்டன் பாடம்!

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1860-ல் பிறந்தவர் அன்னி ஓக்லி. சின்ன வயசுலயே அப்பா இறந்துட்டார். வீட்டில் கடும் வறுமை. அப்பாவின் பழைய துப்பாக்கியோடு காட்டுக்குக் கிளம்பிய சிறுமி, வேட்டையாடி விற்ற காசில் வீட்டுக்கடனையே அடைச்சாங்க!

தொழில்முறை வீரர் ஃபிராங்க் பட்லரைப் போட்டியில் ஜெயிச்சு, பிறகு அவரையே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. 1885-ல் பஃபலோ பில் நடத்திய சாகசக் காட்சியில் சேர்ந்ததும் ஸ்டார் ஆகிட்டாங்க.

ஆனா 1887-ல் லண்டனுக்குப் போனப்போ, பறக்கும் புறாக்களிடம் அவங்க குறி தப்பியது. கோளாறு எங்கேனு கண்டுபிடித்தவர், துப்பாக்கி செய்யும் சார்லஸ் லங்காஸ்டர். 5 அடி உயரம்தான் இருந்த அன்னிக்கு அந்தத் துப்பாக்கி ரொம்பக் கனம். தோளில் பதியும் மரக்கட்டையும் உடல்வாகுக்குப் பொருந்தலை. எடை குறைந்த துப்பாக்கியை அளவெடுத்துச் செய்துகொடுத்த லங்காஸ்டர், பயிற்சியும் கொடுத்தார். ஊரறிந்த சாம்பியன், கூச்சப்படாமல் மறுபடியும் மாணவி ஆனாங்க. தப்பிய குறி திரும்பி வந்தது.

பிற்காலத்தில் அன்னியே டீச்சர். தன்னைத் தற்காத்துக்கொள்ளப் பெண்களுக்குத் துப்பாக்கி சுடத் தெரியணும் என்பது அவங்க உறுதியான எண்ணம். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட்டில், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத பெண்களுக்குக்கூட கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தாங்க.

1922-ல் அதே ஊரில், 60 வயதைக் கடந்திருந்த அன்னி, வானில் வீசப்பட்ட 100 களிமண் தட்டுகளை ஒன்றுகூடத் தவறாமல் சுட்டாங்க. 1926-ல் காலமானாங்க. கனமான துப்பாக்கியோடு தடுமாறும் புதியவர்களுக்கு அவங்க வாழ்க்கை சொல்வது இதுதான்: முதல்ல கருவி உங்க உடம்புக்குப் பொருந்தணும், மற்றதைப் பயிற்சி பார்த்துக்கும்!