வாளுக்கு வழிகாட்டிய கை

ரோமாபுரி வரலாற்றைப் பாடமாகப் பயிலும் மாணவன் நான். பேரரசன் செப்டிமியஸ் செவரஸின் போர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன். ஆனால் அவன் ஆட்சியில், கி.பி. 203ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் உயிர்நீத்த ஓர் இளம்பெண்ணே இன்று என் நெஞ்சில் நிற்கிறாள். அவள் பெயர் பெர்பெத்துவா.

வயது ஏறக்குறைய 22. உயர்குடியில் பிறந்து, நன்கு கல்வி கற்று, மணமுடித்தவள். கையிலே பால்குடி மறவாத குழந்தை. கிறிஸ்தவ மறையைக் கற்றுவந்த வேளையில், அடிமைப் பெண்ணான பெலிசித்தா முதலியோருடன் கைதானாள். காவலில் இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றாள். சிறையின் இருளும் நெரிசலும் அவளை அஞ்சவைத்தன. குழந்தையைப் பற்றிய கவலையோ அதனினும் மிகுதியாக வாட்டியது. குழந்தை தன்னோடு தங்க அனுமதி கிடைத்ததும் அச்சிறையே அவளுக்கு அரண்மனையாயிற்று. இதையெல்லாம் நாம் அறிவது எப்படி? சிறையிலிருந்து அவளே எழுதிவைத்தாள்! பண்டைக் காலப் பெண்ணொருத்தி தன்னைப் பற்றித் தானே எழுதி, அழியாமல் நமக்குக் கிட்டிய மிகச் சில ஏடுகளுள் அதுவும் ஒன்று.

அவளுடைய தந்தை கிறிஸ்தவர் அல்லர். தம் நரைத்த தலைக்கு இரங்குமாறு கெஞ்சினார், மகளின் கைகளை முத்தமிட்டார், காலில் விழுந்தார். விசாரணை நாளில் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பேரரசர் நலத்திற்காகப் பலி செலுத்தினால் விடுதலை என்றான் ஹிலாரியானுஸ் என்னும் அதிகாரி. அவள் மறுத்தாள். குறுக்கிட்ட முதியவருக்குப் பிரம்படி விழுந்தது. தன்மேலேயே விழுந்ததுபோல் அவள் துடித்தாள். தீர்ப்புக்குப் பின் தந்தை குழந்தையைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

இங்கேதான் என் மனம் தடுமாறுகிறது. ஒரே ஒரு பலி! அதைச் செய்திருந்தால் குழந்தைக்குத் தாய் இருந்திருப்பாள். முதியவருக்கு மகள் இருந்திருப்பாள். அவள் செய்தது சரிதானா? எளிதான விடை எனக்குக் கிட்டவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. தந்தையின் துயரத்தையும் குழந்தையின் பசியையும் மறைக்காமல் எழுதியவள் கல்நெஞ்சம் படைத்தவள் அல்லள். தான் கொடுக்கும் விலை இன்னதென்று அறிந்தே கொடுத்தாள்.

பெலிசித்தா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. கருவுற்ற பெண்ணைக் கொல்ல ரோமச் சட்டம் இடம் தராது. தோழர்களை விட்டுத் தான் பிற்பட நேருமோ என்பதே அவள் கவலை! சிறையிலேயே பெண் மகவை ஈன்றாள். மற்றொரு கிறிஸ்தவப் பெண் அதை வளர்க்க ஏற்றுக்கொண்டாள்.

அரசகுமாரன் கெட்டாவின் பிறந்தநாள் விழாவுக்காக அவர்களை அரங்கில் நிறுத்தினர். வெறிகொண்ட பசு முட்டித் தள்ளியது. பெர்பெத்துவா எழுந்தாள், கிழிந்த ஆடையைச் சரிசெய்தாள், அவிழ்ந்த கூந்தலை முடிந்தாள், வீழ்ந்து கிடந்த பெலிசித்தாவைக் கைகொடுத்துத் தூக்கினாள். இறுதியில், பழக்கமற்ற இளம் வாள்வீரனின் கை நடுங்கியபோது, அந்த வாளைத் தன் கழுத்துக்குத் தானே வழிகாட்டினாள்.

அவர்களைப் புனிதர் என்று அறிவிக்க எந்த ஆணையும் அன்று வரவில்லை. போப்பாண்டவர் ஒருவரைப் புனிதராக முறைப்படி அறிவித்ததாக நாம் அறியும் முதல் நிகழ்ச்சி 993ஆம் ஆண்டில்தான். கார்த்தேஜ் மக்களே அவர்களைக் கொண்டாடினர். வேதசாட்சிகள் இறந்த நாளையே பிறந்தநாளாகப் போற்றுவது அக்கால வழக்கம். ஆண்டுதோறும் அந்நாளில் அவளது ஏடு கோயிலில் படிக்கப்பட்டது. புனித அகுஸ்தினாரும் அத்திருநாளில் மறையுரை ஆற்றினார். ஆனால் அந்த ஏடு வேதாகமத்தில் சேர்ந்ததன்று என்பதையும் அவர் எடுத்துரைத்தார். மக்கள் அதை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தனர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 1907இல் கார்த்தேஜின் பழைய ஆலய இடிபாடுகளில் இவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன.

கெட்டாவின் பிறந்தநாளைக் கொண்டாட இன்று எவருமில்லை. அவனுக்காக மடிந்தவர்களின் நாளோ மார்ச் 7 அன்று இன்றும் உலகெங்கும் நினைக்கப்படுகிறது. சீமாட்டியின் பெயரும் அடிமையின் பெயரும் அன்று சேர்ந்தே ஒலிக்கின்றன. அரங்கின் மணலில் ஒருத்தி மற்றொருத்திக்கு நீட்டிய கை இன்னும் விலகவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.