வீடு மாறிக்கொண்டேயிருந்த ரெங்கெட்சு

புத்தாண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச்சொல்லி சங்கத்து அண்ணை கேட்டார். நான் ஏ.எல். உடன் படிப்பை விட்டவன். யோசித்துப் பார்க்க, போன மாரியில் பிள்ளைகளோடு நூதனசாலையில் பார்த்த ஒரு தேநீர்க் கிண்ணந்தான் ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சம் கோணல். விரல் அழுத்திய தடம் அப்படியே தெரிந்தது. எங்கட தொழிற்சாலையில் என்றால் கழிவுப் பெட்டிக்குள் போயிருக்கும். அதைச் செய்தவர் ரெங்கெட்சு என்ற யப்பானியப் பெண் துறவி.

1791 இல் கியோட்டோ நகரில் பிறந்தவர். பெற்ற தகப்பன் ஒரு சாமுராய் என்பார்கள். வளர்த்தது ஓட்டகாக்கி குடும்பம். வளர்ப்புத் தகப்பன் சியோன்-இன் என்ற பெரிய புத்த கோயிலில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் கமேயோகா கோட்டையில் பணிப்பெண்ணாக இருந்தபோது கவிதையோடு ஆயுதப் பயிற்சியும் பழகினார்.

பிறகு நடந்ததை எழுதவே மனம் வரவில்லை. இரண்டு கலியாணம். முதல் கணவரைப் பிரிந்தார், அவரும் இறந்துபோனார். இரண்டாமவர் 1823 இல் நோயில் இறந்தார். பெற்ற பிள்ளைகளும் தங்கவில்லை. அந்த வருசமே தலையை மழித்துத் துறவியானார். ரெங்கெட்சு என்றால் தாமரை நிலவு என்று அர்த்தம். 1832 இல் வளர்ப்புத் தகப்பனும் போய்விட, நாற்பது தாண்டிய வயதில் தனியாகக் கோயிலை விட்டு வெளியேறினார்.

பிழைக்க வேண்டுமே! களிமண்ணை எடுத்தார். குயவன் சில்லு இல்லை, கையால் மட்டும் பிசைந்து கிண்ணமும் சின்னக் கேத்தில்களும் செய்தார். ஈரம் காயமுன் கூரான முனையால் தன் கவிதையைக் கீறிவிடுவார். சூளை மற்றவர்களுடையது. தூள் தேயிலைச் சடங்கில் இருக்கும் கட்டுப்பாடு எல்லாம் பிடிக்காமல், இலையைக் கேத்திலில் போட்டுச் சுடுதண்ணி ஊற்றிக் கதைத்துக்கொண்டு குடிக்கும் செஞ்சா பழக்கம் அப்போது கியோட்டோ படித்தவர்களிடம் பரவியிருந்தது. அவர்களுக்கு இந்தக் கோணல் சாமான்கள்தான் பிடித்தன. போலி செய்தவர்களும் வந்தார்கள். அவர் கோபிக்கவில்லையாம், அவர்களின் சாமானிலும் தன் கையாலேயே கவிதை எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

பேர் பரவ ஆட்கள் தேடி வந்துகொண்டேயிருந்தார்கள். தொல்லை தாங்காமல் வீடு மாறினார், மாறினார், மாறிக்கொண்டேயிருந்தார். ஒரே வருசத்தில் 13 தடவை என்றும் சொல்கிறார்கள். வீடு மாறும் ரெங்கெட்சு என்று ஊரே பட்டம் வைத்தது. நாங்கள் இங்கே வந்த முதல் ஐந்து வருசத்தில் ஆறு வீடு மாறினோம், அதனால் சாமான் கட்டுற கஷ்டம் எனக்குத் தெரியும். அவருக்குக் கட்ட அதிகம் இருந்திருக்காது. பிற்காலத்தில் பெரிய ஓவியராகப் பேரெடுத்த டெஸ்ஸாய் இளந்தாரியாக இருந்தபோது, கூடவிருந்து அவருக்கு உதவினார்.

1865 இல் ஜின்கோ-இன் கோயிலில் வந்து தங்கினார். அதற்குப் பிறகு மாறவில்லை. 1875 இல், 84 வயதில், அங்கேயே இறந்தார்.

நூதனசாலையில் அந்தக் கிண்ணத்தைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். இதில் தேத்தண்ணி குடிக்கலாமா அப்பா என்று சின்னவன் கேட்டான். எனக்கும் அதே ஆசைதான்.