கார்ல் பென்ஸ்

கார்ல் பிரீட்ரிக் பென்ஸ் (நவம்பர் 25, 1844 – ஏப்ரல் 4, 1929) ஒரு ஜெர்மானிய இயந்திரப் பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பெட்ரோலினால் இயங்கும் உள் எரி பொறியைக் கொண்டு, நடைமுறையில் பயன்படத்தக்க முதல் தானுந்தை உருவாக்கியவர் இவரே எனப் பரவலாகக் கருதப்படுகிறது.

இளமை

பென்ஸ், இன்று கார்ல்ஸ்ரூஹே நகரின் ஒரு பகுதியாக உள்ள மியூல்பர்க்கில் பிறந்தார். தொடர்வண்டி ஓட்டுநரான இவரது தந்தை, இவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது இறந்தார். வறுமையிலும் தாயார் இவரைப் படிக்கவைத்தார். கார்ல்ஸ்ரூஹே பல்தொழில்நுட்பப் பள்ளியில் இயந்திரப் பொறியியல் கற்று, 1864-இல் தமது 19-ஆவது வயதில் பட்டம் பெற்றார்.

தொழில் முயற்சிகள்

1871-இல் ஆகஸ்ட் ரிட்டர் என்பவருடன் இணைந்து மன்ஹைம் நகரில் ஓர் இயந்திரப் பட்டறையைத் தொடங்கினார். கூட்டாளி நம்பத்தகாதவராக இருந்ததால் தொழில் நெருக்கடிக்கு உள்ளானது. பென்சுக்கு மணம் பேசப்பட்டிருந்த பெர்த்தா ரிங்கர், தமது சீதனத் தொகையை முன்கூட்டியே பெற்று, ரிட்டரின் பங்கை வாங்க உதவினார். 1872-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். இவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர்.

பட்டறை தொடர்ந்து நட்டத்தில் இயங்கியது. எனினும் பென்ஸ் ஓர் இருவீச்சுப் பொறியை உருவாக்குவதில் முனைந்தார். 1879-ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவில் அது சீராக ஓடியது. 1883-இல் இருவருடன் சேர்ந்து பென்ஸ் நிறுவனத்தை நிறுவினார். தொழிற்சாலைகளுக்கான பொறிகளை விற்றுக் கிடைத்த வருவாய், குதிரையில்லா வண்டி என்னும் அவரது கனவுக்கு வழிவகுத்தது.

முதல் தானுந்து

1885-இல் உருவான வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. நான்கு சக்கர வண்டியைச் சரியாகத் திருப்பும் முறை அப்போது அவருக்குக் கைகூடாததே இதற்குக் காரணம். பின்புறத்தில் ஒற்றை உருளை கொண்ட நான்குவீச்சுப் பொறி பொருத்தப்பட்டிருந்தது.

பொறியின் உருளைக்குள் எரிபொருள் ஆவியும் காற்றும் கலந்து நுழையும். மின்பொறி பட்டதும் அக்கலவை எரிந்து விரிவடைந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனின் முன்பின் அசைவு சுழற்சியாக மாறி, வார்ப்பட்டை, சங்கிலிகள் வழியாகப் பின்சக்கரங்களை உருட்டும். அப்பொறியின் திறன் ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு; வண்டியின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கி.மீ.

1886 சனவரி 29 அன்று இவர் விண்ணப்பித்த இவ்வண்டிக்கு 37435 என்ற எண்ணுடைய காப்புரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டு சூலை 3 அன்று மன்ஹைம் தெருவில் மக்கள் முன் இவ்வண்டி ஓடியது. அதே காலத்தில் காட்லீப் டைம்லரும் வில்கெல்ம் மேபாக்கும் தனியாக மற்றொரு பொறிவண்டியை உருவாக்கிக்கொண்டிருந்தனர்.

பெர்த்தாவின் பயணம்

புதிய வண்டியை வாங்க மக்கள் தயங்கினர். 1888 ஆகஸ்டில் பெர்த்தா, கணவருக்குத் தெரிவிக்காமல், தம் மகன்கள் ஆய்கன், ரிச்சர்டு ஆகியோருடன் மன்ஹைமிலிருந்து தம் பிறந்த ஊரான போர்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 106 கி.மீ. ஓட்டிச் சென்றார். அக்காலத்தில் எரிபொருள் நிலையங்கள் இல்லை. எனவே வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், துணியின் கறை நீக்கப் பயன்படும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கினார். அடைபட்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் சரிசெய்தார். தேய்ந்த தடைக்கட்டைகளுக்குத் தோல் பொருத்தச் செய்தார். மேட்டுப்பாதைகளில் வண்டியைத் தள்ள நேர்ந்தது. இதன் பின்னர் ஏற்றத்திற்கு உதவும் கூடுதல் பல்லிணை சேர்க்கப்பட்டது. வண்டி நெடுந்தொலைவு செல்லவல்லது என்பதையும் இப்பயணம் மெய்ப்பித்தது.

பிற்காலம்

1893-இல் விக்டோரியா என்னும் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டார். 1894-இல் வந்த வெலோ, 1,200 அளவில் தயாரிக்கப்பட்டது. 1899-இல் 572 வண்டிகளை உற்பத்தி செய்து, பென்ஸ் நிறுவனம் உலகின் மிகப்பெரிய தானுந்து நிறுவனமாகத் திகழ்ந்தது. பின்னர் டைம்லர் நிறுவனத்தின் வேகமான மெர்சிடிஸ் வண்டிகளால் அதன் விற்பனை சரிந்தது. 1903-இல் பென்ஸ் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார்; 1906-இல் லாடன்பர்க்கில் தம் மகனுடன் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

முதல் உலகப்போருக்குப் பின் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியால் பென்ஸ், டைம்லர் நிறுவனங்கள் 1926-இல் ஒன்றிணைந்தன. அவற்றின் வண்டிகள் மெர்சிடிஸ்-பென்ஸ் எனப் பெயர் பெற்றன.

கார்ல் பென்ஸ் 1929-இல் லாடன்பர்க்கில் தமது 84-ஆவது வயதில் காலமானார். பெர்த்தா 1944-இல் மறைந்தார். பென்சின் 1886-ஆம் ஆண்டுக் காப்புரிமை ஆவணம் 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.