நம் மலைத் தண்ணீரும் ஆர்தர் காட்டனும்



போன கோடையில் நம் சங்கக் கூட்டத்தில் லாரித் தண்ணீர் செலவு பற்றிப் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஏற்காடு மாதிரி மழை பெய்யும் ஊரில் இருந்துகொண்டு தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோமே என்று ஒருவர் வருத்தப்பட்டார். சரி, போன வருடம் நம் மொட்டைமாடியில் எவ்வளவு மழை விழுந்தது என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. கேட்ட எனக்கும் தெரியவில்லை. வங்கியில் வேலை பார்த்த காலமெல்லாம், அன்றன்றைய வரவு செலவு நேராகாமல் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது நினைவுக்கு வந்தவர் சர் ஆர்தர் காட்டன். அவருக்கும் நம் மலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சேர்வராயன் மலையின் வடக்குப் பக்கத்துத் தண்ணீர் வாணியாறாக ஓடித் தென்பெண்ணையில் சேர்கிறது. தெற்கிலும் மேற்கிலும் இறங்குவது திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் ஓடிக் காவிரியில் கலக்கிறது. அப்படிக் கலந்த தண்ணீர் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பை அடைகிறது. அங்கே 1836-ல் காட்டன் கட்டத் தொடங்கியதுதான் மேலணை.

காட்டன் 1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ராணுவப் பொறியாளர் பயிற்சி முடித்து, 1821-ல், 18 வயதில் சென்னைக்கு வந்தார். பாம்பன் கடல்வழியை அளக்கும் வேலை, தென் மாவட்டங்களில் ஏரி வேலை, நடுவில் பர்மா யுத்தம் என்று சில வருடங்கள் போயின. பிறகு காவிரி நீர்ப்பாசனம் பற்றி ஆராயும் பொறுப்பு வந்தது.

அன்றைய பிரச்சினை இதுதான். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். எனவே தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு ஓடியது. காவிரியிலோ வருடத்துக்கு வருடம் மணல் மேடிட்டது. இப்படியே விட்டால் தஞ்சாவூர் வயல்கள் காய்ந்துபோகும் என்ற நிலை.

மேலணை கட்டுவதற்குமுன் காட்டன் கூர்ந்து பார்த்தது கல்லணையை. அடியில் பாறை இல்லாத, ஆழம் தெரியாத மணல் ஆற்றில் நம் முன்னோர் கல்லைப் போட்டிருக்கிறார்கள். போட்ட கல் மணலில் புதைந்து இறங்கும். அதன்மேல் மறுபடி கல். அதுவும் கொஞ்சம் இறங்கும். இனி இறங்காது என்ற நிலை வந்தபின் அதையே அடித்தளமாக வைத்து, களிமண் சேர்த்து மேலே கட்டியிருக்கிறார்கள். மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டு மக்களிடம்தான் கற்றோம் என்பதைக் காட்டன் பிற்காலத்தில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். 1830-ல் கல்லணையில் மணலை வெளியேற்ற மதகுகளும் அமைத்தார். பிறகுதான் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், அதன் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணையும் வந்தன.

எல்லாம் முதல் முறையே சரியாக அமைந்துவிடவில்லை. மேலணை வந்தபின் காவிரிப் பக்கம் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்தது. அதற்குப் பின்னால் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆற்றுக் கணக்கை ஒருமுறை எழுதி மூடிவிட முடியாது.

அடுத்து கோதாவரி. 1833 பஞ்சத்தில் அந்தப் பகுதி மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். பக்கத்திலேயே பெரிய ஆறு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ராஜமகேந்திரிக்கு அருகே தவளேஸ்வரத்தில் 1847-ல் தொடங்கி 1852-ல் அணைக்கட்டை முடித்தார். இன்றும் அந்த டெல்டாவில் சுமார் 10 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. பழைய அணைக்குப் பதிலாக வந்த புதிய அணைக்கும் அவர் பெயரே. கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் அவர் சிலையைப் பார்க்கலாம்.

மேலிடத்தில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. ரயிலைவிடக் கால்வாய்களே நாட்டுக்கு லாபம் என்று பிடிவாதமாக வாதாடினார். அவர் திட்டங்கள் வீண் செலவு என்றார்கள். 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ஆனாலும் 1878-ல், 75 வயதில், பாராளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசிக் காலத்தில்கூடச் சும்மா இருக்கவில்லை. தன் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கிளறிக் கோதுமை விளைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். 1899-ல் காலமானார்.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நாளில் வாய்க்கால் தூர் வாருவது, கரைக்கு மண் போடுவது எல்லாம் ஊரார் கூடிச் செய்த வேலை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். பெரிய அணைகளும் பொதுப்பணித் துறையும் வந்தபின் அந்தப் பழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1858-ல் அதைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டார்கள். ஆனால், தன்னுடையது என்று நினைத்துச் செய்த வேலையைச் சட்டம் போட்டு மீட்க முடியவில்லை. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்ததும் இந்தக் குறையை நினைத்துத்தான்.

அணை இருந்தால் மட்டும் போதாது, தினமும் பார்க்கக் கண்ணும் வேண்டும். 2018 ஆகஸ்ட் 22-ந் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துப் போனதை நாம் டிவியில் பார்த்தோம். நம் மலையில் விழுந்த மழையும் அந்த வெள்ளத்தில் கொஞ்சம் இருந்திருக்கும்.

இப்போது நம் கணக்குக்கு வருகிறேன். 1,000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 93 லிட்டர். 10 மில்லிமீட்டர் பெய்தால் 930 லிட்டர். நம் மாடியின் பரப்பை இதோடு பெருக்கிப் பாருங்கள். நாம் காசு கொடுத்து வாங்குவதும், குழாய் வழியே சாக்கடைக்கு அனுப்புவதும் எவ்வளவு என்று புரியும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, மாடியில் ஒரு மழைமானி வைப்போம். தினமும் காலை 8.30-க்கு அளவு பார்த்து, காவலர் அறையில் உள்ள நோட்டில் எழுதுவோம். இரண்டு, மாதம் முதல் தேதி நம் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறிப்போம். மூன்று, பின்பக்கம் ஓடும் ஓடையில் குப்பையோ கழிவுநீரோ சேர்கிறதா என்று வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்போம். அந்த ஓடைத் தண்ணீரைக் கீழே யாரோ குடிக்கிறார்கள், யாரோ வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

நோட்டு நான் வாங்கி வைத்துவிட்டேன். முதல் மாதம் நானே எழுதுகிறேன். அடுத்த மாதத்துக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்தால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் இன்னும் மகிழ்ச்சி. வரும் ஆண்டுப் பொதுக்குழுவில் அதே கேள்வியை யாராவது கேட்டால், இந்த முறை நோட்டைப் புரட்டிப் பதில் சொல்லலாம்.